பாதிப் பெட்டி

அந்தப் பெட்டியை ரம்பம் போட்டு அறுத்த அன்றைக்கு யாராவது ஒருத்தர் சிரித்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. தம்பி பெட்டியின் மேல் காலை அழுத்தி வைத்துக்கொண்டு அறுத்தான். அக்கா மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா நடுவில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டு, ரம்பம் கோடு மாறாமல் போகிறதா என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று பேரும் ஏதோ கோர்ட்டில் நிற்பதைப்போல முகத்தை வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் சொத்துச் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா விட்டுப்போனது இரண்டு ஜீப், ஒரு ஷெட். ஜீப் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து வண்டிகள். ஆளுக்கு ஒரு ஜீப், ஷெட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் என்று பேசி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வம்பு வந்தது பெட்டியில்தான்.

தார் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ஸ்டெப்னி போதும். மற்றதை ஒர்க்‌ஷாப்காரன் வந்து பார்த்துக்கொள்வான். கல்லும் மணலுமாகக் கிடக்கிற மலைத்தடத்தில் அந்தக் கதை நடக்காது. அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பாறைதான் பதில் சொல்லும். எதெல்லாம் உடையுமோ அதெல்லாம் பெட்டியில் இன்னொன்று இருக்கவேண்டும். அதைக் கழற்றி மாட்டுகிற சாமானும் கூடவே இருக்கவேண்டும். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், போல்ட்டு, நட்டு, ஸ்பானர் வரிசை, கம்பி, இழுவைக் கயிறு, எந்தக் கனத்தையும் தூக்கி நிறுத்துகிற பழைய திருகு ஜாக்கி என்று அந்த நீள மரப்பெட்டிக்குள் முக்கால் ஜீப் ஒளிந்திருந்தது. பெட்டியைச் செய்து பச்சை வண்ணம் அடித்தவன் தம்பி. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அதை அடுக்கியவள் அக்கா. ஆகவே இரண்டு பேருக்குமே அது 'என் பெட்டி'.

"நான் செஞ்ச பெட்டி. நான் எடுத்துக்கறேன்" என்றான் தம்பி.

"பலகை உன்னோடது, சரி. உள்ள எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமத்தான் இத்தனை வருஷம் வண்டி ஓட்டினேனா?"

"ஒவ்வொரு தடவையும் 'அக்கா, அது எங்க, இது எங்க'ன்னு கேட்டுக்கிட்டே ஓட்டினே."

அங்கிருந்து வார்த்தை தடித்தது. அப்பா யாரை நம்பி எந்தத் தடத்தில் அனுப்பினார் என்பதுவரை போனது. கடைசியில் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவுக்கு நியாயம் என்றால் உயிர். ஆனால் வாழ்நாளில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்தவர் இல்லை. "எல்லாம் பாதிப் பாதி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஸ்பானர்களை வரிசையாக வைத்து ஒன்று விட்டு ஒன்று பிரித்தார். போல்ட்டு டப்பா அக்காவுக்கு, நட்டு டப்பா தம்பிக்கு. டீசல் கேன் தம்பிக்கு, அதன் மூடி அக்காவுக்கு. ஜாக்கி அக்காவுக்கு, அதைத் திருப்புகிற இரும்புக் கைப்பிடி தம்பிக்கு. இது என்ன கூத்து என்று கேட்டிருக்கவேண்டிய இரண்டு பேரும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. "போதுமா?" என்றார் சித்தப்பா. "போதும்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. எதிர் எதிரே ஜீப் வந்தால் இரண்டு பேருக்கும் ரோட்டின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிடும், அவ்வளவு நேராகப் பார்த்து ஓட்டுவார்கள்.

*

சுகாதார அலுவலகத்து முற்றத்தில் அன்று காலை தம்பியின் ஜீப் நுழைந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குக் காலைச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றது.

அவளுக்கு அந்தப் பயணம் சாதாரணப் பயணம் இல்லை. ஊருக்குள் இருந்த சவாரியெல்லாம் வேன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. மலைக்கு மேலே இருக்கிற கிளினிக்குக்கு மாதாமாதம் தடுப்பூசி மருந்து கொண்டுபோகிற வேலை ஒன்றுதான் ஜீப்பை நம்பி மிச்சம் இருந்தது. அது கிடைத்தால் வண்டி அவளிடம் இருக்கும். கிடைக்காவிட்டால் விற்றுவிட்டு யாரோ ஒருத்தர் வேனுக்குக் கூலி டிரைவராகப் போகவேண்டியதுதான். அதிகாரி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு தடவை பாக்கலாம்மா. ஐஸ் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள மருந்து மேல போய்ச் சேரணும். சூடாயிடுச்சுன்னா அத்தனையும் குப்பை. அப்புறம் நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

"போய்ச் சேரும் சார்."

"அந்தத் தடத்துல ஒத்த வண்டி போகக் கூடாதுங்கறது ரூல். துணைக்கு இன்னொரு வண்டி சொல்லியிருக்கேன். மேசை நாற்காலியெல்லாம் அதுல வரும். உங்க தம்பிதானாமே? நல்லதாப் போச்சு. ஒரே குடும்பம், ஒரே மாடல் வண்டி. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கும்."

அக்கா "ஆமாம் சார்" என்று சொன்னாள். அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு பல்லைக் கடிக்க முடியுமோ அவ்வளவும் கடித்தாள்.

மருந்தோடு ஒரு நர்ஸம்மாவும் வந்தார். பருத்த உடம்பு, கணீரென்ற குரல், மலைப்பாதை என்றால் மட்டும் பயம். அக்காவின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஐஸ் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டார்.

முதல் தகராறு முற்றத்திலேயே வந்தது. யார் முன்னால் போவது? மலைத்தடத்தில் பின்னால் போகிறவர் வழி முழுக்க முன் வண்டியின் புழுதியைத் தின்றுகொண்டே போகவேண்டும். தம்பி அக்காவைப் பார்க்காமல் நர்ஸம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"சிஸ்டர், எனக்குத் தடம் நல்லாத் தெரியும். நான் முன்னாடி போறேன்னு சொல்லிடுங்க."

பத்தடி தூரத்தில் நின்றிருந்த அக்காவிடம் நர்ஸம்மா திரும்பினார். "டிரைவரம்மா, அவரு முன்னாடி போறாராம்."

"மருந்து இருக்கற வண்டிதான் முன்னாடி போகும்னு சொல்லுங்க நர்ஸம்மா. நாற்காலிக்கு என்ன அவசரம்?"

நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்புவதற்குள் அக்கா வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

*

காய்ந்த ஆற்றுப்படுகை வரும்வரை தம்பி பின்னாலேயே வந்தான். படுகை அகலமானது. மணலில் இறங்குமுன் அக்கா வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்கினாள். காற்று குறைந்தால் டயர் பரந்து மணலில் மிதந்து போகும், புதையாது. அந்த நேரத்தைப் பார்த்துத் தம்பி பக்கவாட்டில் முந்திக்கொண்டு படுகையில் இறங்கினான். அக்கரையை எட்டப்போகிற நேரத்தில் அவன் வண்டி அச்சுவரை புதைந்து நின்றது.

அக்காவின் மனம் குளிர்ந்துவிட்டது. இதை மறைக்கவேண்டியதில்லை, உண்மையிலேயே குளிர்ந்துவிட்டது. அவனைத் தாண்டி அக்கரை மேட்டில் ஏறி நிறுத்தினாள். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒத்தை வண்டியாகப் போகக்கூடாது. இறங்கி, இழுவைக் கயிற்றை எடுத்துப்போய் அவன் வண்டியின் கொக்கியில் மாட்டினாள். "உன் டயருக்கு என்ன ராஜா வீட்டுக் காத்தா, இறக்க மனசு வரலியா?" என்று கேட்க நாக்கு துடித்தது. பேசுவதில்லையே, அதனால் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் பேசாமல் இருப்பது பெரிய தண்டனையாக இருந்தது, அவளுக்கு.

வண்டி வெளியே வந்ததும் தம்பி நர்ஸம்மாவிடம், "தேங்க்ஸ் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றான்.

"தேங்க்ஸாம்" என்றார் நர்ஸம்மா.

"கேட்டுது" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு ஏற்றம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். நர்ஸம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பள்ளம் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா சின்ன கியரில் ஒவ்வொரு கல்லாகத் தேர்ந்தெடுத்து ஏற்றினாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். ஒரு தடவை இல்லை, விட்டுவிட்டு அடித்துக்கொண்டே வந்தான்.

"டிரைவரம்மா, அவரு எதுக்கோ கூப்பிடறாரு."

"முன்னாடி போகணும், வேறென்ன? பறந்து போகச் சொல்லுங்க. வழி எங்க இருக்கு?"

"ஒருவேளை வேற ஏதாவது..."

"எனக்கு அவனைத் தெரியும் நர்ஸம்மா. சின்ன வயசுலேர்ந்து வரிசையில நிக்கத் தெரியாது."

ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டாள். ஹாரன் சத்தம் குறைந்தது. அடுத்த படிக்கல்லில் பின் சக்கரம் ஏறி இறங்கியதும் அடியிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் உரசுகிற நாற்றம். வண்டி ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது.

அக்கா இறங்கிக் குனிந்து பார்த்தாள். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகக் கோத்துப் பிடிப்பது நடுவில் இருக்கிற ஒரே ஒரு போல்ட்தான். அது முறிந்துபோயிருந்தது. பட்டைகள் கலைந்து, அச்சு பின்னால் நகர்ந்து, டயர் பாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டினால் டயர் கிழியும். ஓட்டாமல் நின்றால் ஐஸ் உருகும். மருந்தைத் தம்பி வண்டிக்கு மாற்றி அனுப்பலாம் என்றால் அவன் தாண்டிப்போக வழி கிடையாது. வழியை அடைத்துக்கொண்டு நிற்பதே அவள் வண்டிதான்.

"என்னாச்சு?" என்றார் நர்ஸம்மா, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. சரி பண்ணிடலாம்."

சரி பண்ணலாம் என்பது பொய்யில்லை. அந்தப் போல்ட் அவள் பாதிப் பெட்டியில் இருந்தது. அதற்கு நட்டு தம்பி டப்பாவுக்குப் போய்விட்டதால், கடையில் அளவு சொல்லி ஒரு நட்டு வாங்கிப் போட்டிருந்தாள். விட்டுப்போன ஸ்பானர்களையும் வாங்கி வரிசையை நிரப்பியிருந்தாள். ஜாக்கிக்குக் கைப்பிடி மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஓர் இரும்புத் தடி வைத்திருந்தாள். ஊருக்குள் டயர் மாற்ற அது போதுமானதாக இருந்தது.

சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கியை வைத்து, தடியை நுழைத்துத் திருப்பினாள். கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம். ஏற்றத்தில் நிற்கிற வண்டியின் முழுக் கனமும் ஜாக்கிமேல் வந்ததும் தடி வளைந்தது. அவள் விடவில்லை, உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். தடி ஓட்டையிலிருந்து நழுவித் தெறித்தது. கை முட்டி பாறையில் மோதித் தோல் உரிந்தது. நர்ஸம்மா கண்ணைத் திறந்து அலறினார்.

தம்பி தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் புழுதியில் வெளுத்துப்போய், மாவு மில்லிலிருந்து எழுந்து வந்தவனைப்போல இருந்தான்.

"சிஸ்டர், அந்தத் தடியால ஆகாதுன்னு சொல்லுங்க."

நர்ஸம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே சொல்லுங்க சார்! நான் ஊசி போடற ஆளு, தூது போற ஆளு இல்ல. மேல அம்மாமாருங்க குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு விடிஞ்சதுலேர்ந்து நடந்து வந்து காத்துக்கிட்டிருப்பாங்க. இங்க நீங்க ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடறீங்க. பேசுங்க, இல்லன்னா நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடக்கறேன்!"

பள்ளத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிற ஒருத்தர் இப்படிச் சொன்னதில் இரண்டு பேரும் கொஞ்சம் அடங்கிப்போனார்கள். தம்பி தன் வண்டிக்குத் திரும்பிப் போனான். அவனுடைய பாதிப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் துணி சுற்றிய ஒரு நீளச் சாமான் இருந்தது. அக்காவின் முன்னால் நீட்டினான். அவள் துணியைப் பிரித்தாள்.

ஜாக்கிக் கைப்பிடி. துரு ஒரு பொட்டு இல்லை. எண்ணெய் தடவி வழுவழுவென்று இருந்தது. துணிகூடப் புதிது, அந்த வாரத்தில்தான் யாரோ சுற்றியிருக்கவேண்டும்.

அவளுக்கு ஒன்று புரியவில்லை. அவன் தனக்கென்று ஒரு புது ஜாக்கி வாங்கிவிட்டான் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தாள். அது டயர் மாற்ற மட்டும் ஆகிற சின்ன ஜாக்கி, ஏற்றத்தில் நிற்கிற வண்டியைத் தூக்காது. அதற்குத் தனிக் கைப்பிடியும் உண்டு. இந்தப் பழையது அவனுக்கு எதற்கும் உதவாத வெறும் இரும்பு.

"இதை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்றே? உன்கிட்டதான் இந்த ஜாக்கியே இல்லையே" என்றாள். நர்ஸம்மாவைப் பார்க்காமல், நேராக அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"உன்கிட்ட இருக்குல்ல?"

"அதுக்கு?"

"அதுக்குன்னா? எங்கயாவது ரோட்டுல நீ மாட்டிக்கிட்டு நின்னா என்ன பண்ணுவே? அதான் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் எடுத்து வெச்சுக்கறது. தள்ளு, நான் திருப்பறேன்."

அக்கா தள்ளிக்கொள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்தால் முகத்தைக்கூடப் பார்க்காதவன், தனக்கு வேண்டாத இரும்பை எண்ணெய் போட்டு வழியெல்லாம் சுமந்திருக்கிறான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். புழுதி என்று சாக்குச் சொல்ல நினைத்து, பிறகு அதையும் சொல்லவில்லை.

"கை வலிக்குதாக்கா?" என்றான் தம்பி பதறிப்போய்.

"கை இல்லடா மடையா" என்றாள் அவள்.

*

கைப்பிடி ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. தம்பி திருப்பத் திருப்ப வண்டி முனகிக்கொண்டே ஏறியது. பட்டைகளை அச்சோடு அழுத்திப் பிடித்திருந்த பெரிய நட்டுகளை ஆளுக்கு இரண்டாகக் கழற்றினார்கள். முறிந்த துண்டுகளைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு, பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, தம்பி கடப்பாரையால் அச்சை நெம்பி முன்னால் தள்ள, அக்கா புதுப் போல்ட்டைச் செருகினாள். எல்லாம் சரியாக வந்தது. பிறகு கடையில் வாங்கிய நட்டை எடுத்து வைத்துத் திருகினாள்.

ஏறவில்லை. ஒரு சுற்றுகூட ஏறவில்லை. திரும்பவும் வைத்துப் பார்த்தாள். அளவு சரி, உள்ளே சுற்றி வெட்டியிருக்கிற மரை வேறு. போல்ட்டின் மரை நெருக்கமானது, நட்டு சாதாரண மரை. வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இத்தனை அடுக்குகிறவள், மாட்டிப் பார்க்காத சாமானைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலையேறியிருக்கிறாள். இதைப்போய் இவனிடம் சொல்லவேண்டுமே என்று ஒரு கணம் தயங்கினாள்.

"மரை சேரல" என்றாள்.

தம்பி நியாயப்படி அங்கே நான்கு வார்த்தை பேசியிருக்கலாம். ஆற்றுப்படுகையில் அவள் மென்று விழுங்கியதையெல்லாம் அவன் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற இடம் அது. அவனோ ஓடிப்போய் நட்டு டப்பாவைக் கொண்டுவந்து, கீழே விரித்த துணியில் கவிழ்த்தான். ஒரு போல்ட்கூட இல்லாத வெறும் நட்டுகள், எல்லாம் சுத்தமாகத் துடைத்து வைத்தவை. விரலால் துழாவி ஒன்றை எடுத்தான். அக்கா கையை நீட்டினாள். விரல் நுனியால் சுற்றியதுமே அது வழுக்கிக்கொண்டு ஏறியது.

"ஏறிடுச்சா?" என்றார் நர்ஸம்மா மேலே இருந்து.

"ஏறிடுச்சு!" என்றார்கள் இரண்டு பேரும்.

இறுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டாள். "எதுக்குடா ஹாரன் அடிச்சே? முந்தறதுக்குத்தானே?"

"முந்த எங்க இடம் இருக்கு? உன் பின் பட்டை 'கிரீச் கிரீச்'னு கத்திக்கிட்டே வந்துது. போல்ட் தளர்ந்துட்ட சத்தம். நிறுத்துவேன்னு பாத்தேன். நீ கண்ணாடியை ஏத்திக்கிட்டே."

அவள் அவனுடைய வெளுத்த புருவத்தைப் பார்த்தாள். "நீ ஏத்தலியா? இவ்வளவு புழுதியில?"

"ஏத்தினா உன் வண்டிச் சத்தம் எப்படிக் கேக்கும்?"

அக்கா ஸ்பானரை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

கிளம்புமுன் இன்னொரு காரியம் நடந்தது. தம்பியின் ஜீப்பில் டீசல் நாற்றம் குடலைப் பிடுங்குவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கேனுக்கு மூடி இல்லாமல், பாலிதீன் பையை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தான். அக்கா தன் பாதிப் பெட்டியின் மூலையில் கையை விட்டு அந்த மூடியை எடுத்தாள். அவள் வீட்டில் அதற்கு ஏற்ற கேன் எதுவும் கிடையாது.

"தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றான் தம்பி.

"கேட்டா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். நீதான் கேக்கவே இல்லையே."

"நீ குடுத்திருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

"ஐஸ் உருகுது!" என்று கத்தினார் நர்ஸம்மா.

*

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கிளினிக் வாசலில் அம்மாமார்கள் எழுந்து நின்றார்கள். சில பேர் ஏற்கெனவே மூட்டையைக் கட்டித் திரும்பிப் போகத் தயாராக இருந்தார்கள். நர்ஸம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வெப்பமானியை எடுத்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஜீப், அவள் பிழைப்பு எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது. ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது.

நர்ஸம்மா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். "ஒண்ணுகூட வீணாகல."

சற்று நேரத்தில் அந்த மலை முழுக்கக் குழந்தைகளின் அழுகை கேட்டது. அன்றைக்கு அதைவிட நல்ல சத்தத்தை அக்கா கேட்கவில்லை. தம்பி மேசைகளை இறக்கிவிட்டு, அழுகிற குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்று போய், இரண்டு பேரை இன்னும் அதிகமாக அழவைத்துவிட்டு வந்தான்.

நர்ஸம்மா கை கழுவிக்கொண்டே அக்காவிடம் சொன்னார். "ஆபீஸ்ல நான் என்ன சொல்லப்போறேன் தெரியுமா? இந்த ரூட்டை இந்த ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுக்கணும், தனித்தனியாக் குடுத்தா ரெண்டும் உருப்படாதுன்னு சொல்லப்போறேன்."

மறுநாள் காலை கிளம்புகிற நேரத்தில் அக்கா தம்பியின் ஜீப்பிலிருந்து அவன் பாதிப் பெட்டியைத் தூக்கிவந்து, தன் பாதிக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினாள். பச்சையோடு பச்சை சேர்ந்தது. சித்தப்பா கோடு நேராகத்தான் போட்டிருந்தார். அறுத்த தம்பிதான் நடுவில் கொஞ்சம் கோணலாக விட்டிருந்தான். கோணலுக்குக் கோணல் சரியாகப் பொருந்தியது. கயிற்றைப் போட்டு இரண்டையும் ஒன்றாக இறுக்கிக் கட்டினாள். ஜாக்கிக்குப் பக்கத்தில் கைப்பிடி, போல்ட்டுக்குப் பக்கத்தில் நட்டு.

தம்பி பார்த்துக்கொண்டே நின்றான். "மொத்தத்தையும் நீ வெச்சுக்கிட்டா, எனக்கு ஏதாவது ஆனா?"

"நான் பின்னாடிதானே வரேன். பெட்டி எப்பவும் பின் வண்டியிலதான் இருக்கணும். முன்னாடி போற வண்டியில இருந்தா, பின்னாடி ஒருத்தன் நின்னுபோனது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப பெட்டியை என் வண்டியில வை. நான் பின்னாடி வரேன். உனக்குப் புழுதி ஒத்துக்காது, ராத்திரியெல்லாம் இருமுவே."

"எனக்கு ஒத்துக்கும். நீ முன்னாடி போ."

"நேத்து நான்தானே பின்னாடி வந்தேன்? எனக்குப் பழகிப்போச்சு."

"நேத்து நீ. இன்னிக்கு நான்."

"அக்கா, சொன்னாக் கேளு..."

"நீ சொன்னதை நான் எப்பக் கேட்டிருக்கேன்?"

நர்ஸம்மா காலி ஐஸ் பெட்டியோடு இரண்டு ஜீப்புக்கும் நடுவில் நின்றார். "நேத்து ரெண்டு பேருக்கும் முன்னாடி போகணும். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் பின்னாடி போகணும். என்ன பிறவிங்கப்பா நீங்க!"

அக்கா பெரியவள். பெரியவள் என்கிற அந்த ஒரு பிடியை அவள் எந்தச் சண்டையிலும் விட்டதில்லை. தம்பி முணுமுணுத்துக்கொண்டே தன் வண்டியில் ஏறி முன்னால் போனான். அவன் கிளப்பிய புழுதி மொத்தமும் அக்காவின் முகத்தில் வந்து அடித்தது. இருமல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்ணாடியை ஏத்துங்களேன் டிரைவரம்மா" என்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க நர்ஸம்மா" என்றாள் அக்கா. "அவன் வண்டிச் சத்தம் கேக்கணும்."